தொட்டுப் பார்க்க முடியாத ஜவுளிக்கடை

1999 நவம்பரில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு ‘பூ.காம்’ என்ற ஆன்லைன் துணிக்கடை திறந்தது. தொடங்கியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், காய்சா லியாண்டர், பேட்ரிக் ஹெடலின் ஆகிய மூவர். ஒரே நேரத்தில் 18 நாடுகளில் விற்பனை. பெனட்டன் குடும்பம், பிரெஞ்சுத் தொழிலதிபர் பெர்னார் ஆர்னோ என்று முதலீட்டாளர்கள் எல்லாம் பெரிய கைகள். தளத்தில் துணியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். ஒரு பொம்மை உருவத்துக்கு உடுத்திப் பார்க்கலாம். ‘மிஸ் பூ’ என்ற வரைகலைப் பெண் கூடவே வந்து யோசனை சொல்வாள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்ததோ தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் 56கே மோடம். பக்கம் முழுவதுமாகத் திறப்பதற்குள் வந்தவர் பொறுமை இழந்தார். ஆப்பிள் மேக் கணினிகளில் தொடக்கத்தில் தளம் வேலையே செய்யவில்லை. 2000 மே மாதம் கடை மூடப்பட்டது. அதற்குள் சுமார் 13.5 கோடி டாலர் கரைந்திருந்தது.

டாட்காம் குமிழி வெடித்த கதைகளில் ஒன்றாகத்தான் இதை வழக்கமாகச் சொல்வார்கள். துணி விற்பவர் கண்ணால் பார்த்தால் இதில் வேறொரு பாடம் இருக்கிறது. துணி வாங்க வருபவர் அதைத் திருப்பிப் பார்க்க, மேலே வைத்துப் பார்க்க ஆசைப்படுவார் என்று அந்த மூவரும் சரியாகவே கணித்தார்கள். அவர் எந்தக் கருவியோடு, எவ்வளவு வேகமான இணைப்போடு, எவ்வளவு பொறுமையோடு வருகிறார் என்பதுதான் கணக்கில் வரவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்பட்டிருக்காது. ஒரு வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் கணினியில் ஒரு சட்டை வாங்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் பயனர் ஆய்வு என்கிறோம். திருப்பூர் பனியன், இளம்பிள்ளைப் புடவை, ஈரோட்டு நைட்டி என்று நம் ஊர்ச் சரக்கை விற்க இன்று எத்தனையோ பேர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். முதலில் ஏதோ ஒரு ரெடிமேட் வடிவத்தில் கடை திறப்பார்கள். ஓரிரண்டு ஆண்டில் ‘சைட்டை மாத்தணும்’ என்ற பேச்சு வரும். வடிவமைப்பாளர் மூன்று மாதிரி காட்டுவார். முதலாளி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நிறமும் எழுத்தும் பேனரும் மாறும். விற்பனை பழையபடியே இருக்கும். வாங்குபவர் அந்த அறையில் இல்லாமலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது. அவரை அந்த அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கையில் இருப்பதை முதலில் படியுங்கள்

யாரையும் தேடிப் போவதற்கு முன்னால், வாடிக்கையாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளே போதும். “பிளவுஸ் அட்டாச்டா?” “இதே கலர்தான் வருமா?” “சாயம் போகுமா?” “லைனிங் இருக்கா?” “எக்ஸ்எல் எடுத்தா 42 இடுப்புக்குப் பத்துமா?” கடந்த மூன்று மாதத்தில் வந்த கேள்விகளை ஒவ்வொரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். எந்த அடுக்கு உயரமாக நிற்கிறதோ அந்தக் கேள்விக்கு உங்கள் தளம் பதில் சொல்லவில்லை. சில சமயம் பதில் இருக்கும். யாரும் போகாத ஒரு மூலையில் இருக்கும். இரண்டுமே ஒன்றுதான்.

அடுத்தது, திரும்பி வந்த பார்சல்கள். ரிட்டர்ன் போடும் இடத்தில் நாம் கொடுத்திருக்கும் காரணப் பட்டியல் நம் சொந்தச் சொற்களில் இருக்கும். ‘அளவு பொருந்தவில்லை’ என்று ஒருவர் தட்டினால் அதில் என்ன தெரிகிறது? தோளில் பிடித்ததா, கை குட்டையா, நீளம் முழங்காலுக்கு மேலே நின்றதா, ஒரு முறை துவைத்ததும் சுருங்கியதா? திருப்பி அனுப்பியவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பி, பணத்தையும் வாங்கிவிட்டவருக்கு உங்களை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் கணிப்பில் ஒரு துணிக்கடைக்குக் கிடைக்கும் மிக நேர்மையான ஆலோசகர் அவர்தான்.

மூன்றாவது, தளத்தின் தேடல் பெட்டி. என்னென்ன தட்டினார்கள், அதில் எதற்கெல்லாம் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தது என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டுப்புடவை என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் தட்டுவார்கள். தேடல் அதில் ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால், சரக்கு இருந்தும் கடை காலியாகத் தெரியும். இதைச் சரிசெய்ய வடிவமைப்பையே தொட வேண்டியதில்லை. ஒரு சொற்பட்டியல் சேர்த்தால் போதும்.

பார்வையாளர் கணக்குக் கருவிகளும் உதவும். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் வெளியேறினார்கள் என்று அவை காட்டும். ஏன் வெளியேறினார்கள் என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதற்கு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் போதுமா?

பயன்பாட்டுத் துறையில் பெயர்பெற்ற டென்மார்க்காரர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை முன்வைத்தார். அது அவரும் டாம் லாண்டவரும் முன்பு சேர்ந்து செய்த ஆய்விலிருந்து வந்தது. ஒரு தளத்தை ஒருவர் பயன்படுத்துவதைப் பார்த்தாலே, அதிலுள்ள சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் வெளியே வந்துவிடும். இரண்டாமவரிடம் பழையவற்றில் சில மறுபடி வரும், புதியன சில சேரும். ஐந்து பேரைப் பார்த்து முடிக்கும்போது சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். எனவே ஒரே மூச்சில் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, இன்னொரு ஐந்து பேரிடம் காட்டி, மறுபடி திருத்துவது மேல் என்றார்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தவறான முடிவுக்கும் போகலாம். ஐந்து பேரில் மூவர் ஒரு பொத்தானைக் கவனிக்கவில்லை என்றால், வாடிக்கையாளரில் 60 சதவீதம் பேர் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. சிக்கல் இருக்கிறது என்று கண்டறிய ஐந்து பேர் போதும். அது எவ்வளவு பேரைப் பாதிக்கிறது என்று அளக்கப் போதாது. அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கல்லூரிப் பெண் குர்த்தி வாங்குவதும், கல்யாண வீட்டுக்காரர் பத்துப் புடவை சேர்த்து எடுப்பதும், மறுவிற்பனைக்காக மொத்தமாகக் கேட்பவரும் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து பேர் வேண்டும்.

கடை ஊழியர்கள், உறவினர்கள், வடிவமைப்பாளரின் நண்பர்கள் ஆகியோரை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். அவர்களுக்குத் தளமோ உங்கள் மனமோ ஏற்கெனவே தெரியும். ஒரு முறை வாங்கிவிட்டுத் திரும்பி வராதவர், தளத்தின் வண்டியில் (கார்ட்) பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவர், போட்டிக் கடையில் வாங்குபவர் ஆகியோரைத் தேடுங்கள். அவர்களுடைய சொந்த போனில், அவர்களுடைய டேட்டாவில், அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பாருங்கள். அலுவலக வைஃபையில் புதிய ஐபோனைக் கொடுத்துப் பார்த்தால் பூ.காம் செய்த தவறை நாமும் செய்கிறோம். திரையில் கீறல் விழுந்த, நினைவகம் நிறைந்து திணறும் போனில் உங்கள் பேனர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அலுவலகத் திரையில் நளினமாக இருக்கும். பேருந்து நிறுத்தத்து வெயிலில் ஒரு எழுத்தும் தெரியாது.

கொடுக்கும் வேலையும் உண்மையானதாக இருக்க வேண்டும். “ஃபில்டரைப் பயன்படுத்தி விலையைக் குறையுங்கள்” என்று சொல்லிவிட்டால், ஃபில்டர் என்று ஒன்று இருப்பதை நாமே காட்டிக்கொடுத்துவிடுகிறோம். “உங்க அண்ணன் மகளுக்கு அடுத்த மாசம் சீமந்தம். 3,000 ரூபாய்க்குள்ள ஒரு புடவை எடுக்கணும். எப்படி எடுப்பீங்க?” என்று கேட்டால் அவருக்கு ஒரு நோக்கம் வருகிறது. மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகு நீங்கள் பேசக் கூடாது. இதுதான் கடினம். அவர் தடுமாறும்போது “அதோ மேலே இருக்கு பாருங்க” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த இடத்தில் கிடைக்க வேண்டிய பாடம் போய்விடும். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்தான் மற்ற எல்லோரும் வாங்குகிறார்கள்.

‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’

நம் ஊரில் இந்த ஆய்வைச் செய்வதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு வந்தவர் மனம் நோகும்படி பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு எடுத்துக்காட்டுக்கு, ஒரு அம்மா புடவைப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் பெரிதாகவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த புடவைக்குப் போகிறார்.

“இப்ப என்னம்மா பாத்தீங்க?”

“முந்தி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு நெனச்சேன்.”

“பாக்க முடிஞ்சுதாம்மா?”

“மடிச்சுல்ல வெச்சிருக்காங்க. பரவால்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு.”

அனுபவமில்லாதவர் ‘நன்றாக இருக்கிறது என்றார்’ என்று குறித்துக்கொண்டு போவார். அவர் சொன்னது உபசாரம்; செய்தது, அந்தப் புடவையை விட்டு நகர்ந்தது. குறிப்பேட்டில் எழுத வேண்டியது இரண்டாவதைத்தான். அதனால்தான் “இந்த டிசைன் பிடிச்சிருக்கா?”, “இப்படி ஒரு வசதி வந்தா பயன்படுத்துவீங்களா?” போன்ற கேள்விகளால் பயன் இல்லை. இரண்டுக்குமே ஆம் என்றுதான் பதில் வரும். “போன தடவை ஆன்லைன்ல துணி எடுத்தீங்களே, எப்ப? யாருக்கு? முதல்ல எங்க பாத்தீங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்ததைச் சொல்வது எளிது. அதில் புகழ்ச்சிக்கு இடம் குறைவு. “இதை நான் செய்யலைம்மா, இதுல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன், நீங்க குறை சொன்னாத்தான் எனக்கு வேலை” என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் உதவும்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். புடவை கட்டப்போகிறவர் ஒருவர், போனில் தேடுபவர் மகளோ மருமகளோ, பணம் அனுப்புபவர் வேறொருவர் என்று ஒரே கொள்முதலில் மூன்று பேர் இருக்கலாம். பிடித்த புடவையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, அக்காவும் அத்தையும் சரி என்ற பிறகே ஆர்டர் போடுபவர்கள் உண்டு. அப்படியானால் முடிவு எடுக்கப்படும் இடம் உங்கள் தளமே அல்ல, வாட்ஸ்அப். உங்கள் சுட்டியை அங்கே பகிர்ந்தால் புடவைப் படமும் விலையும் சேர்ந்து தெரிகிறதா, வெறும் கடைச் சின்னம் மட்டும் வருகிறதா? பத்துப் புடவைகளின் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அத்தை “அந்த மூணாவது” என்றால், அதைத் தளத்தில் மறுபடி கண்டுபிடிக்க ஒரு சரக்கு எண் படத்தின் மேலேயே இருக்கிறதா? முகப்பின் அழகைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும் இந்தக் கேள்விகள் எழுந்திருக்காது.

கை கேட்கும் கேள்விகள்

எல்லா ஆன்லைன் கடைகளுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. துணிக்கு மட்டும் உள்ள கஷ்டம் வேறு. புத்தகம் எந்தக் கடையில் வாங்கினாலும் அதே புத்தகம்தான். துணியைக் கை முதலில் தொட்டு விசாரிக்கிறது. கடையில் ஒருவர் புடவை எடுப்பதை உற்றுப் பாருங்கள். விரலிடையே துணியைத் தேய்த்துப் பார்க்கிறார். கசக்கி விடுகிறார். கையில் தூக்கிக் கனம் பார்க்கிறார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடுருவித் தெரிகிறதா என்று சோதிக்கிறார். வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய் நிறம் பார்க்கிறார். உட்புறத்தைத் திருப்பி நூல் பிசிறு பார்க்கிறார். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் ஏழெட்டுக் கேள்வி கேட்டு முடித்துவிடுகிறார். இணையதளத்தில் அவருக்கு அந்தக் கை இல்லை. துணிக்கடைத் தளத்தை மாற்றி அமைப்பது என்றால் அந்தக் கை கேட்டவற்றுக்கெல்லாம் படத்தாலும் எழுத்தாலும் பதில் சொல்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வில் பாதி நேரத்தை நிஜக் கடையில் வாங்குபவர்களைக் கவனிப்பதில் செலவிட்டாலும் தகும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் வழி இருக்கிறது. கனம் தெரிய, புடவையின் எடையைக் கிராமில் எழுதலாம். பனியன் துணி என்றால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) கணக்குத் திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ‘180 ஜிஎஸ்எம்’ என்பதோடு ‘வழக்கமான டி-ஷர்ட் கனம், உள்ளே தெரியாது’ என்றும் சேர்த்து எழுதினால் இருவருக்கும் புரியும். துணியின் விழுகை தெரிய, பத்து விநாடி வீடியோ போதும்: ஒரு கை துணியைத் தூக்கி விட வேண்டும். ஊடுருவல் தெரிய, துணிக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம். நிறத்துக்கு, ஸ்டுடியோ விளக்கில் ஒன்றும் பகல் வெளிச்சத்தில் ஒன்றுமாக இரண்டு படம். புடவைக்கு உடல், கரை, முந்தானை மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கட்டிய நிலையில் ஒரு படம் வேண்டும். பொதுவாக ஐந்தரை மீட்டர் புடவையும், அதோடு சுமார் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணியும் என்று நெய்கிறார்கள். பிளவுஸ் துணி சேர்ந்து வருகிறதா, தனி நிறமா, பட்டையுடனா என்பதை விலைக்கு அடுத்த வரியிலேயே சொல்லிவிடலாம்.

பட்டு என்றால் “நிஜப் பட்டா?” என்ற கேள்வி எப்போதும் இருக்கும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரை உங்கள் புடவைக்கு இருந்தால், அந்தச் சீட்டின் படத்தையே பொருள் படங்களோடு வையுங்கள். ஜரிகை ஹாஃப்-ஃபைனா, வெள்ளி ஜரிகையா என்று மறைக்காமல் எழுதுங்கள். ஆர்ட் சில்க் என்றால் அப்படியே சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

அளவு இன்னும் பெரிய தொல்லை. எல் என்று ஒரு நிறுவனம் சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் நாட்டு உடல்வாகுக்கென்று பொது அளவுப் பட்டியல் இல்லாததால், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தையே கையில் எடுத்தது. பொதுப் பட்டியலுக்குக் காத்திராமலே கடைக்காரர் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. அளவுப் பட்டியலில் இருப்பது உடலின் அளவா, ஆடையின் அளவா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 40 சைஸ் சட்டையின் சுற்றளவு 40 அங்குலத்தைவிடச் சில அங்குலம் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போடுபவரின் பார்சல் திரும்பி வரும். பலர் வீட்டில் டேப் இருக்காது. ‘உங்களிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு குர்த்தியைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து பாருங்கள்’ என்று ஒரு படத்தோடு சொன்னால், ஸ்கேல் வைத்துக்கூட அளந்துவிடுவார்கள். மாடல் அணிந்திருப்பது எந்த அளவு, அவர் உயரம் எவ்வளவு என்று ஒரு வரி சேருங்கள். வாங்கியவர்கள் எழுதும் கருத்தோடு அவர்கள் உயரத்தையும் எடுத்த அளவையும் கேட்டு வாங்கினால், கடையின் சொந்தப் பட்டியலைவிட மற்றவர்கள் அதைத்தான் நம்புவார்கள்.

பெயரும் அடுக்கும்

கடைக்காரர் சரக்கை நெசவாலும் நூலாலும் பிரிக்கிறார்: சாஃப்ட் சில்க், செமி சில்க், 80 கவுண்ட் காட்டன், லினன் காட்டன். வாங்குபவரில் பலர் தேவையால் பிரிக்கிறார்கள்: ஆபீசுக்கு, கோயிலுக்கு, வீட்டில் கட்ட, யாருக்காவது எடுத்துக் கொடுக்க. எந்தப் பிரிவு உங்கள் ஆட்களுக்குச் சரி என்று ஊகிக்க வேண்டாம். நாற்பது ஐம்பது பொருள் படங்களை அட்டைகளில் அச்சடித்துக் கொடுத்து, சேர்ந்து இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு அடுக்குக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் பட்டியலாக எழுதி, இன்னொரு குழுவிடம் “பொங்கலுக்கு அப்பாவுக்கு வேட்டி, எதுக்குள்ள தேடுவீங்க?” என்று கேளுங்கள். கோடு ஒன்றுகூடப் போடாமல் தளத்தின் எலும்புக்கூடு சரியாகிவிடும்.

தமிழில் தளம் வைப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஃபிளிப்கார்ட் 2020 ஜூனிலும் அமேசான் அதே ஆண்டு செப்டம்பரிலும் தமிழைச் சேர்த்தன. மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சுத்தத் தமிழில் ‘வடிகட்டி’ என்று போட்டால் சமையலறைப் பொருள் நினைவுக்கு வரும். ‘ஃபில்டர்’ என்றோ, ‘விலை, நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்க’ என்றோ போட்டால் புரியும். எது புரிகிறது என்பதையும் ஆளை வைத்தே சோதிக்கலாம்.

பணம் கட்டும் இடம்

அமெரிக்க ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஒரு நிகழ்வு இத்துறையில் எல்லோரும் அறிந்தது. பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய விற்பனைத் தளம். வண்டியில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால் நடுவில் ஒரு படிவம்: மின்னஞ்சல், கடவுச்சொல், உள்ளே நுழைய ஒரு பொத்தான், பதிவு செய்ய ஒரு பொத்தான். திரும்ப வருபவருக்கு இது வசதி, புதியவர் ஒரு முறை பதிவு செய்வதைச் சுமையாக நினைக்க மாட்டார் என்று தளத்தார் நம்பினார்கள். வாங்குபவர்களை வரவழைத்து, கையில் பணம் கொடுத்து வாங்கச் சொல்லிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. புதியவர்கள் பதிவு என்ற சொல்லைக் கண்டதும் எரிச்சலானார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று நினைவில்லை. பிறகு தரவைப் பார்த்தால், வாடிக்கையாளரில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். நாளொன்றுக்கு 1,60,000 பேர் மறந்த கடவுச்சொல்லைக் கேட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிவரை வாங்கவே இல்லை.

அந்தப் பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, ‘தொடரவும்’ என்று ஒரு பொத்தானையும், வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்ற ஒரு சிறு குறிப்பையும் வைத்தார்கள். வாங்கி முடிப்பவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர். மாறியது ஒரு பொத்தான். அதைக் கண்டுபிடிக்க வழி, வாங்குபவர் பக்கத்தில் உட்கார்ந்ததுதான்.

கோபன்ஹேகனில் உள்ள பேமார்டு என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொருள் போடப்பட்ட இணைய வண்டிகளில் சராசரியாக 70 சதவீதம் வாங்கப்படாமலே விடப்படுகின்றன. சும்மா பார்க்க வருபவர்களும் இதில் உண்டு. நம் ஊர்த் தளங்களில் பணம் கட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை: பார்சல் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறதா, கேஷ் ஆன் டெலிவரி உண்டா இல்லையா என்பது முன்பே சொல்லப்படுகிறதா, ஓடிபி பார்க்கவோ யூபிஐ செயலியில் பணம் செலுத்தவோ போய்த் திரும்பினால் வண்டி காலியாகிவிடுகிறதா, ‘கோயிலுக்கு எதிர்ச் சந்து’ என்று எழுத முகவரிப் படிவத்தில் இடம் இருக்கிறதா.

கடைசி நிமிடத்தில் கட்டணத்தைச் சேர்ப்பது வெறும் வடிவமைப்புக் குறை மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. சிறிது சிறிதாக விலையை வெளிப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டே உருப்படி’ என்று பொய் அவசரம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். பயனர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்துகொண்டால், அவரைக் கைதூக்கிவிடவும் முடியும், அந்த இடத்திலேயே சிக்கவைக்கவும் முடியும். இரண்டாவதற்கு இந்த ஆய்வைப் பயன்படுத்துபவர் தம்மை நம்பித் தன் வீட்டுக்குள் உட்காரவைத்த ஒருவரை வஞ்சிக்கிறார்.

மாற்றும்போது

பிரிட்டனின் பழம்பெரும் கடையான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், அதுவரை அமேசானின் தொழில்நுட்பத்தில் ஓடிய தன் தளத்தை விட்டு, 15 கோடி பவுண்டு செலவில் சொந்தத் தளத்தை 2014 பிப்ரவரியில் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. பழகிய இடத்தில் பழகிய பொருள் இல்லை. ஜூன் இறுதிவரையான 13 வாரங்களில் இணைய விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. புதிய தளம் நல்லதாகவே இருந்தாலும், பழக்கத்தை உடைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இது சான்று.

ஆகவே மொத்தத்தையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். ஆய்வில் கிடைத்தவற்றைப் பட்டியலிட்டு, வாங்குவதையே நிறுத்தியவை எவை, எரிச்சல் மட்டும் ஊட்டியவை எவை என்று பிரியுங்கள். முதல் வகையைத் தொடுங்கள். புதிய பக்கத்தைத் தாளில் வரைந்து, அதையே ஐந்து பேரிடம் காட்டி விரலால் தொடச் சொல்லுங்கள். தாளில் அழிப்பது நிரலில் அழிப்பதைவிட மலிவு. சரியாக வந்ததும் பொருள் பக்கத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழைய சுட்டிகள், பழைய கணக்குகள், சேமித்து வைத்த முகவரிகள் எதுவும் தொலையக் கூடாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வந்தவர்களில் வாங்கியவர்கள், திரும்பி வந்த பார்சல்கள், வாட்ஸ்அப்பில் வந்த அதே பழைய கேள்விகள். மூன்றாவது எண் குறைந்தால் தளம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆய்வுக்கு உட்காருபவரின் நேரத்துக்குப் பணமோ பரிசுக் கூப்பனோ கொடுத்துவிடுங்கள். பதிவு செய்வதானால் எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லி முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். அவர் யூபிஐ ரகசிய எண்ணைத் தட்டும்போது கேமராவையும் கண்ணையும் திருப்பிக்கொள்ளுங்கள்.

புதிய தளத்துக்கு விலை கேட்டு யாரையாவது அழைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதற்கு முன்னால் இந்த வாரமே போன மாதம் பொருளைத் திருப்பி அனுப்பிய ஐந்து பேருக்கு போன் செய்யுங்கள். அவர்கள் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு, வடிவமைப்பாளரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.